சாக்ஸ் போட்ட வீடு

"துணிமேல கட்டுனா நிக்காதுங்கய்யா. வெரலும் வெரலும் ஒட்டிக் கெடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பிணத்தின் காலிலிருந்த சாக்ஸைப் பிடித்து இழுக்கப் போனார் கருப்பு. அவர் புறங்கையில் பளீரென்று ஒரு அடி விழுந்தது. அடித்தவர் செத்தவளின் புருசன், அழகுமலை வாத்தியார்.

"கைய எடுறா. கழட்டக் கூடாது. டைபாய்டு. கிருமி பரவும்."

மதுரையை ஒட்டிய விளாங்குடியில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து, வாய் திறந்துகொள்ளாமல் நாடி கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறவர் கருப்பு. ஐம்பது வயது மனுசன். சிவந்துபோன கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டு, "அப்பச் சரிங்கய்யா. குளிப்பாட்டும்போது பாத்துக்கிருவோம்" என்று எழுந்துபோய்ப் பந்தல்காலடியில் உட்கார்ந்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் அடிச்சத்தத்தில் ஒரு நிமிசம் நிறுத்தினார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

தலைமாட்டில் இருந்த பாண்டியம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். செத்துக் கிடக்கும் ஒச்சம்மாளின் மூத்த மகள் அவள். பத்தொன்பது வயது. போன வருசம் திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அப்பாவின் கை எப்படி எழும், எந்தக் கோணத்தில் இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் நாலுபேர் பார்க்க அந்தக் கை இறங்கி அவள் பார்த்ததில்லை. ஆளு பயந்துபோயிருக்காரு என்று நினைத்தாள். நினைத்தவுடன் மனசுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. பெற்றவள் பிணமாகக் கிடக்கையில் என்னடி சந்தோசம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்தத் தெருவில் வந்து, "சாக்ஸ் போட்ட வீடு எது?" என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கையைக் காட்டும். சித்திரை வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊர் மதுரை. அங்கே ஒரு குடும்பமே கெண்டைக்கால்வரை சாக்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது! முதலில் தேமல் என்றார்கள். அப்புறம் வெண்குட்டம் என்றார்கள். கடைசியில் வாத்தியாரே ஒரு விளக்கம் சொல்லி எல்லார் வாயையும் அடைத்தார். கொக்கிப்புழுவாம். வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் பாதத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் குடலைக் கடித்துத் தொங்குமாம். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர். பிரேயர் நேரத்தில் அரைமணி நேரம் புழுவைப் பற்றிப் பேசினார். போர்டில் அதன் வாயைப் பெரிதாக வரைந்து காட்டினார். ஊரும் நம்பியது. "பொண்டாட்டி புள்ளைக மேல எம்புட்டு அக்கறை பாரு, நீயும் இருக்கியே" என்று பொம்பளைகள் தங்கள் புருசன்மாரைக் குத்திக்காட்டினார்கள்.

அக்கறைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எம்புட்டு அக்கறை வேண்டியிருக்கிறது!

எழுபத்து மூன்றாம் வருசம், ஜனவரி இருபத்தைந்து. மறுநாள் கொடியேற்றம், அணிவகுப்பு. அவருடைய வெள்ளைப் பேன்ட்டை ஒச்சம்மாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி போட்டு ஊதுகிற இஸ்திரிப் பெட்டி. சின்னவள் சுந்தரவல்லிக்கு அப்போது நாலு வயது. கதவிடுக்கில் விரலைக் கொடுத்துக் கத்தினாள். ஒச்சம்மாள் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அம்புட்டுத்தான். பேன்ட்டின் முழங்காலில் பத்துப் பைசா அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

அழகுமலை வாத்தியார் கத்தவில்லை. மைதானத்தில் நின்றால் நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அவருக்கு. வீட்டுக்குள் அது முணுமுணுப்புத்தான். முதலில் கதவைச் சாத்தினார். ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். பிறகு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, மூடியைத் திறந்து கங்கு இருக்கிறதா என்று பார்த்தார்.

"லெஃப்ட்" என்றார்.

ஒச்சம்மாளுக்குப் புரியவில்லை.

"லெஃப்ட் கால முன்னால வையி."

ஒன்பது வயதுப் பாண்டியம்மாள் அடுப்படி வாசலில் தங்கச்சியின் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் கண்ணைப் பொத்த அவளுக்குக் கை இல்லை. அம்மா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டதைப் பார்த்தாள். பெட்டி இறங்கியதைப் பார்த்தாள். வாடையும் வந்தது. அப்புறம் அவர் "ரைட்" என்றார். அம்மா ரைட் காலையும் முன்னால் வைத்தாள். அதுதான் பாண்டியம்மாளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஓடியிருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு தெருவில் விழுந்து கத்தியிருக்கலாம். எடுத்து வைத்தாளே, எடுத்து வைத்தாளே என்று பத்து வருசமாக அவளுக்கு ஆத்திரம்.

பீரோவில் இன்னொரு வெள்ளைப் பேன்ட் தேய்த்து மடித்தே இருந்தது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போய் வாத்தியார் கொடிக்கு சல்யூட் அடித்தார்.

கொதிதண்ணி கொட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் ரெண்டு மாதம் கழித்துப் புண் ஆறி வந்தபோது இரண்டு புறங்காலிலும் ஒரே அளவில் வடு நின்றது. முன்னால் கூர், பின்னால் அகலம். சலவைக்காரன் வேண்டாம், சட்டை போடுகிற எவனுக்கும் அது எதனுடைய அச்சு என்று தெரியும். வாத்தியார் கடையில் நைலான் சாக்ஸ் வாங்கி வந்து கொடுத்தார். அது புதுத்தோலில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தோலோடு வந்தது. அப்போதுதான் அவர் மூளை வேலை செய்தது. "பருத்தி நூல்ல பின்னிக்க. நீ ஒருத்தி மட்டும் போட்டா ஏன்னு கேப்பாங்க. குடும்பமே போட்டா பழக்கம்னு விட்ருவாங்க." இதை யோசனை என்று சொல்ல அவரால்தான் முடியும்.

அடுத்த வீட்டு ராதாமணி பட்டாளத்துக்காரர் பெண்டாட்டி. புருசனோடு வடக்கே அம்பாலாவில் ஆறு வருசம் இருந்தவள். அங்கே குளிருக்குப் பின்னக் கற்றிருந்தாள். நாலு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஒரே அளவாக வெட்டி, அம்மிக்கல்லில் உரசி முனை தீட்டிக் கொண்டுவந்தாள். மூன்று கம்பியில் கண்ணிகள் நிற்கும், நாலாவது கம்பி பின்னும். சுற்றிச் சுற்றி வந்தால் குழாய் மாதிரி இறங்கும். "கொழாய எவளும் பின்னிருவா ஒச்சக்கா. குதிகால்ல திரும்புறதுலதான் இருக்கு சூட்சுமம்" என்பாள் ராதாமணி.

ஒச்சம்மாளுக்குக் குதிகால் வரவில்லை. முதல் சாக்ஸ் குதிகாலே இல்லாமல் தலையணை உறை மாதிரி வந்தது. ரெண்டாவதற்குக் குதிகால் பக்கவாட்டில் முளைத்தது. சாயங்காலம் வாத்தியார் வந்ததும் பரீட்சை. சாக்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கண்ணி விட்டிருந்தால் பின்னல்கம்பியாலேயே அவள் விரல் முட்டியில் நாலு போடுவார். "பிரி" என்பார். ஒரு வாரம் பின்னியதைப் பிரிக்க ஐந்து நிமிசம் ஆகாது. பிரிந்து வருகிற நூலை உருண்டையாகச் சுற்றுவது பாண்டியம்மாளின் வேலை. பின்னக் கற்பதற்கு முன்னாலேயே அவள் பிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மத்தியானம், "ஏ பாண்டி, இங்க ஓடியாடி! குதிகால் வந்துருச்சுடி!" என்று அம்மா கூப்பிட்டாள். சுந்தரவல்லிக்காகப் பின்னிய சாக்ஸ். உள்ளங்கை நீளம்தான். கட்டைவிரலை உள்ளே விட்டு அதன் குதிகாலைக் குத்திக் குத்திப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் காலோடு, அந்த வீட்டில், எப்படித்தான் அவளுக்குச் சிரிப்பு வந்ததோ. அதற்கப்புறம் நாலு பேருக்கும் வருசத்துக்கு மூன்று ஜோடி. கல்யாணமாகித் திருமங்கலம் போன பிறகு பாண்டியம்மாள் சாக்ஸை மறந்தாள். முதல் நாள் வெறுங்காலில் மாமியார் வீட்டுத் தரையின் குளிர்ச்சி ஏறியபோது அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

சாகுமுன் பதினோரு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நர்சுகளிடம்கூட ஒச்சம்மாள் காலைக் காட்டவில்லை. குளிருது, குளிருது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் கொஞ்சம் தெளிவு வந்தது. பாண்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாண்டி, நான் போயிட்டா சாக்ஸக் கழட்ட விட்றாதடி."

"ஏம்மா இப்பப் போயி..."

"சொல்றதக் கேளு. சுந்தரிக்கு ஒரு மாப்ள பாக்கணும். அப்பன் இப்படியாப்பட்டவன்னு தெரிஞ்சா எவன் வருவான்? எங்கால யாரும் பாக்கப்படாது. எங்கூடயே போகட்டும்."

"சரிம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

இன்றைக்கு விடிகாலை அவள் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு வண்டி வந்து பிணத்தை இறக்கியது. எட்டரைக்கு ஹெட்மாஸ்டர் மாலையோடு வந்தார். அவருக்குக் காப்பி கொடுக்கச் சுந்தரவல்லியை ஏவினார் அப்பா. பதினாலு வயதுப் பிள்ளை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் மறந்துபோனாள். ஹெட்மாஸ்டர் காப்பி குடிக்காமலே கிளம்பிப் போனார். அப்பா அடுப்படிக்குள் போய், "சுந்தரி, இங்க வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். சாவு வீட்டில் ரேடியோ போட முடியாது. அதனால் சத்தமில்லாத வேலையாக ஏதோ நடந்தது. வெளியே வந்தவளின் கீழ் உதடு பிளந்திருந்தது. தலைமயிர் ஒரு பக்கம் கலைந்திருந்தது. "பாவம், அழுது அழுது ஒதடு வீங்கிப்போச்சு" என்றாள் யாரோ ஒருத்தி. கண் இருந்தும் குருடான சனம்!

பத்து மணிவாக்கில் தாய்மாமன் முத்திருளன் திருமங்கலம் பக்கத்து ஊரிலிருந்து லாரி பிடித்து நாற்பது பேரோடு வந்து இறங்கினார். ஒச்சம்மாளுக்குத் தம்பி. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்காள்மேல் போர்த்தி, கட்டிப்பிடித்துக் கதறினார். அவர் முகம் கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது பாண்டியம்மாள் பின்னாலேயே போனாள்.

"மாமா, சுந்தரிய நீங்க கூட்டிட்டுப் போயிருங்க. இன்னைக்கே."

"எங்கிட்டுத் தாயி?"

"உங்க வீட்டுக்கு. எங்க மாமியா வீட்ல கேட்டுப் பாத்துட்டேன், ஆகாதுன்னுட்டாக. இங்க வேணாம் மாமா. அப்பா அடிக்கிறாரு."

"எந்த அப்பன்தான் அடிக்கல? மச்சான் கோவக்காரரு, அம்புட்டுத்தான். வாத்தியார்னா கண்டிப்பு இருக்கத்தான் செய்யும். அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில பொம்பளப்புள்ளயப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனா ஊரு என்னயத்தான துப்பும்?" முத்திருளன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்கக்கா இருவது வருசம் குடும்பம் நடத்தல? ஒரு நாளு கண்ணக் கசக்கிட்டு வந்து எங்க வாசல்ல நின்னுச்சா?"

பாண்டியம்மாள் வாயைத் திறந்தாள். சத்தியம் குறுக்கே நின்றது. அவள் மூடிக்கொண்டாள். மாமன் போய்விட்டார்.

அவர் போனதும் அப்பா வந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தோளில் கை போட்டு, பார்க்கிறவர்களுக்கு மகளைத் தேற்றுகிற மாதிரி நின்றுகொண்டு, கழுத்து நரம்பை விரலால் அழுத்தினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது பாண்டியம்மாளுக்கு.

"அவ எங்கயும் போகமாட்டா. நாளையிலருந்து ஸ்கூலும் கெடையாது. இந்த வீட்டப் பாத்துக்கிற ஒரு பொம்பள வேணும்."

"சின்னப்புள்ளப்பா அவ."

"பழகிக்கிருவா. உங்கம்மா பழகல?"

மூன்று மணிக்குக் குளிப்பாட்டு. டைபாய்டு, தண்ணி ஊற்றக் கூடாது, சும்மா தெளித்தால் போதும் என்றார் வாத்தியார். பிறந்த வீட்டுப் பொம்பளைகள் விடுவார்களா? "மஞ்சத்தண்ணி ஊத்தாம எங்க வீட்டுப் பொண்ண அனுப்பிருவமா? நல்லாருக்கே நாயம்!" என்று சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கடைசியில் தலைக்கு மட்டும் ஊற்றுவது, காலைத் தொடுவதில்லை என்று முடிவானது. தலைவாசலில் காவல்காரன் மாதிரி நின்றுகொண்டே இருந்தார் வாத்தியார்.

பிணத்தை மறுபடி நடுவீட்டில் கிடத்தியதும் கருப்பு எழுந்து வந்தார்.

"அய்யா, அடிச்சாலும் சரி. வெரலக் கட்டாம நான் பாடையில ஏத்தமாட்டேன். துணியோட கட்டி வழியில அவுந்துச்சுன்னா என்னயத்தான் ஊரு கேக்கும். சாக்ஸக் கழட்ட வேணாம்னா கத்திரி குடுங்க. நறுக்கிட்டுக் கட்டுறேன்."

கூட்டம் "ஆமா, ஆமா" என்றது. முத்திருளனும், "மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல மச்சான்" என்றார். வாத்தியார் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கருப்பு கையில் கத்திரியைக் கொடுத்தால் எதுவரைக்கும் நறுக்குவாரோ! அவருக்கு வியர்த்தது. அப்புறம் மூத்த மகளைப் பார்த்தார். அந்த வீட்டில் பின்னல் தெரிந்தவள் இனி அவள் ஒருத்திதான்.

"பாண்டி, நீ வா. மொனைய மட்டும் பிரி. கட்டைவெரல் தெரிஞ்சாப் போதும். பிரிச்சுட்டு உடனே முடிச்சுப் போட்ரு."

பாண்டியம்மாள் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். மெரூன் கலர் சாக்ஸ். மேலேயிருந்து பின்னிக்கொண்டே வந்து விரல் நுனியில் அம்மா முடித்திருந்தாள். அந்த முடிச்சு எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அதை நெம்பினாள். நூல் முனை வந்தது. இழுத்தாள். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, பத்துச் சுற்று. இடது காலின் விரல்கள் வெளியே வந்தன. பத்து வருசமாக வெயில் படாத விரல்கள். வெளிறி, தலைக்கு ஊற்றிய தண்ணி வழிந்து நனைந்து சுருங்கி, ஒரு சின்னப்பிள்ளையின் விரல் மாதிரி இருந்தன. சொன்னபடியே அங்கே நிறுத்தி நூலை முடிந்தாள். வாத்தியார் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

வலது கால். முடிச்சை நெம்பினாள், இழுத்தாள். விரல்கள் வந்தன. கருப்பு கிழித்த துணியோடு குனிந்தார்.

"போதும்" என்றார் அப்பா.

போதும்தான். நூலை முடிய வேண்டும், அம்புட்டுத்தான் வேலை. பாண்டியம்மாள் தலையைத் தூக்கினாள். நிலைப்படியில் சாய்ந்துகொண்டு சுந்தரவல்லி நின்றாள். உதட்டில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. அப்பா இருக்கிற பக்கமே பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, நீ கேட்டத என்னால செய்ய முடியாது, என்னைய மன்னிச்சுக்க, என்று பாண்டியம்மாள் மனசுக்குள் சொன்னாள். நூலை விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

"போதும்னேன்ல."

இழுத்தாள். பிரிய ஆரம்பித்த பின்னல் நிற்காது. சுற்றுச் சுற்றாகக் காலைச் சுற்றி வந்தது நூல். புறங்கால் தெரிய ஆரம்பித்தது. அதில் ஒரு கூர்முனை தெரிந்தது. வாத்தியார் ரெண்டே எட்டில் வந்து அவள் விலாவில் உதைத்தார். பாண்டியம்மாள் அம்மாவின் கால்மேலேயே விழுந்தாள். குடுமியாக மயிரைப் பிடித்துத் தூக்கினார். கழுத்து பின்னால் வளைந்துபோனபோதும் கை இழுத்துக்கொண்டே இருந்தது. நூல் விரலை அறுத்தது. "விடுறி, விடுறி" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே முகத்தில் குத்தினார். முதல்முறையாகப் பாண்டியம்மாள் முந்தானையைத் தேடவில்லை. வாயைத் திறந்து அலறினாள். தெருக்கோடிவரைக்கும் கேட்டிருக்கும். வாசலில் கொட்டு நின்றுபோனது.

"மச்சான்! சாவு வீட்ல என்னய்யா இது, வெக்கக்கேடு!" என்று முத்திருளன் பாய்ந்து வந்து அவரைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் கீழே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

குதிகால் வரைக்கும் பிரிந்து கிடந்தது. புறங்கால் முழுக்க, வழவழவென்று, முன்னால் கூராகவும் பின்னால் அகலமாகவும் அந்த வடு. முத்திருளன் உட்கார்ந்தார். இடது கால் சாக்ஸைத் தானே பிடித்து உருவப் பார்த்தார். ஈரத்தில் காலோடு ஒட்டிக்கொண்டு அது வரவில்லை. ரெண்டு கையாலும் கிழித்தார். அதிலும் அதே அச்சு.

"கொதிதண்ணி" என்றார் வாத்தியார். "கொதிதண்ணி கொட்டிருச்சு. அது ரொம்ப வருசம் இருக்கும்."

"கொதிதண்ணிக்கு மூக்கு இருக்குமா வாத்தியாரே?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த ராதாமணி கேட்டாள். பத்து வருசமாக இந்தக் கேள்வி அவளிடம் இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் அவளுக்கு வாய் வந்தது.

முத்திருளன் எழவில்லை. அக்காளின் காலைப் பிடித்துக்கொண்டே, "எப்டித் தாயி?" என்று பாண்டியம்மாளைக் கேட்டார்.

"லெஃப்ட்ன்னாரு. அம்மா லெஃப்ட் கால வச்சா. ரைட்டுன்னாரு. அதையும் வச்சா. பேன்ட்ல ஒரு கறை பட்ருச்சுன்னு." மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தை அவள் புறங்கையால் துடைத்தாள். "இன்னைக்குக் காலையில சுந்தரி ஒதடு. காப்பிக்கு. நாளைக்கு எதுக்கோ, தெரியல மாமா."

அப்புறம் நடந்ததை விளாங்குடி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. முத்திருளன் எழுந்து வாத்தியாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிலையில் மோதினார். மூக்கு உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போனார். பந்தல்கால் ஒன்று சாய்ந்து கீற்று சரிந்து விழுந்தது. அடி ஒவ்வொன்றும் நெல் மூட்டையைத் தரையில் போடுவது மாதிரி விழுந்தது. "ஒரு வார்த்த சொல்லலையே... ஒரு வார்த்த சொல்லலையே..." என்று அடிக்கொரு தரம் சொல்லி அழுதுகொண்டே அடித்தார். அந்த வார்த்தையைத் தன்னிடம் காலையிலேயே ஒருத்தி சொன்னாள் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் இருந்ததா, தெரியாது. தடுக்க வேண்டிய நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் புழுதியில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். வாயிலிருந்து பல் விழுந்தது.

பாண்டியம்மாளுக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. மறைப்பானேன்? முதல் நாலு அடி தேனாக இருந்தது. அதற்கப்புறம் இனிக்கவில்லை. திரும்பிக்கொண்டாள். நிலைப்படியில் நின்ற சுந்தரவல்லியோ கண்ணை எடுக்காமல் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தியவர் கருப்புதான். "போதுங்கய்யா. பொணம் காத்துக் கெடக்கு" என்றார்.

உள்ளே வந்து, மண்டியிட்டு, விரலோடு விரல் சேர்த்துத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கோடிச் சேலையைக் கால்வரை இழுத்து மூடப் போன ஒரு பொம்பளையை, "இருக்கட்டும்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்று தடுத்தார் முத்திருளன். வேண்டாம் மாமா, அம்மா ஆசைப்படலை, என்று சொல்லப் பாண்டியம்மாளுக்கு நாக்கு எழவில்லை. அந்த உரிமையை அவள்தானே பிரித்துப் போட்டாள். நாலரை மணிக்குத் தெருவே வேடிக்கை பார்க்க, வெறுங்காலோடு ஒச்சம்மாள் போனாள். கொள்ளியை முத்திருளன் வைத்தார்.

ஆம்பளைகள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. வாத்தியார் கொல்லையில் கிணற்றடியில் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை. முத்திருளன் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நேரே உள்ளே வந்து, "சுந்தரி, பொஸ்தகப் பையி, துணிமணியெல்லாம் எடுத்துக்க தாயி. மாமன் வீட்டுக்குப் போறோம். பள்ளிக்கூடம் அங்கிட்டே சேத்துவிடுறேன்" என்றார்.

சுந்தரவல்லி அக்காவைப் பார்த்தாள்.

"போடி. நான் நாளைக்குப் பால் தெளிச்சுட்டு வாரேன்" என்றாள் பாண்டியம்மாள்.

லாரியில் பொம்பளைகள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். முத்திருளன் பெண்டாட்டி சுந்தரவல்லியைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, ஒரு பன்னைப் பிய்த்துக் கொடுத்தாள். பிள்ளை மென்று விழுங்கிற்று. பாண்டியம்மாளுக்கு நெஞ்சு லேசானது. செய்தது சரிதான் என்று நாள் முழுக்க முதல்முறையாகத் தோன்றியது.

பின்பக்கத்துக் கதவுப் பலகையை ஏற்றிவிட்டு, மேலே தார்ப்பாயில் தொங்கிய கயிற்றைப் பிடிக்க முத்திருளன் கையைத் தூக்கினார். சுந்தரவல்லி இருந்தது அதற்கு நேர் கீழே.

அவள் ரெண்டு கையையும் தலைக்குமேல் கொண்டுவந்து, முழங்கைகளால் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டாள். சத்தம் போடவில்லை. பன் மடியில் விழுந்தது. அடியை எதிர்பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

முத்திருளனின் கை கயிற்றைத் தொடாமல் மேலேயே நின்றது. அவர் கையை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கீழே இறக்கினார். இறக்கின கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"கயித்த நீ கட்டு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.